பாதுகாப்பா, துன்புறுத்தலா? முகாம் பதிவேட்டை எழுதியவனின் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் 1990ல் மன்னாரிலிருந்து படகேறி வந்து, கடலூர்ப் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் இருபது வருடம் இருந்தவர். இப்போது உங்களோடு புதுச்சேரியில் இருக்கிறார். இன்றைக்கும் தெருவில் காக்கிச் சட்டையைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். பேரன் விளையாடப் போனால் "ஆறு மணிக்குள்ள வந்திடுவானோ?" என்று வாசலிலேயே நிற்கிறார். உங்கள் அப்பாவோ, "ராஜீவ் கொலைக்குப் பிறகு எந்த அரசாங்கமும் அப்படித்தான் செய்யும், அது பாதுகாப்பு நடவடிக்கை" என்கிறார். அது பாதுகாப்பா, துன்புறுத்தலா என்று கேட்டிருக்கிறீர்கள். மாமியாரின் பயத்துக்கு நிஜமாகவே காரணம் இருந்ததா, இல்லை அவர் மனசாகக் கட்டிக்கொண்டதா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எனக்குப் படுகிறது. காரணம் இருந்தது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 1990 கடைசியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த சில மாதத்திலேயே என்னை ஒரு முகாமில் பதிவேடு எழுதப் போட்டார்கள். அப்போது கடலூர் தனி மாவட்டம் கிடையாது, தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1995 வரை அங்கே இருந்தேன். பிறகு 2006ல் புதிதாக ஆட்கள் வரத் தொடங்கியபோது மறுபடி மூன்று வருடம். ஆகவே நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு முகாமை. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேல் முகாம்கள் இருந்தன, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்தது என்று சொல்ல மாட்டேன். நான் வழக்கறிஞரும் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தச் சட்டத்தை வைத்து வேலை வாங்கப்பட்டவன் கற்றுக்கொண்டது.

உங்கள் அப்பா சொல்வதில் உள்ள நியாயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது சின்ன நியாயம் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்களைத் தமிழ்நாடே கை நீட்டி வாங்கிக்கொண்டது. போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணிலேயே பயிற்சி நடந்தது. 1987ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனது, இந்திய அமைதிப்படை அங்கே போனது, அதே புலிகளோடு போர் மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறக்குறைய 1,200 சிப்பாய்கள் உயிரோடு இல்லை. அந்த ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத் தலைவர் பத்மநாபாவையும் அவரோடு இருந்தவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 1991 ஜனவரியில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. இவ்வளவும் நடந்த பிறகு யாரும் யாரையும் விசாரிக்கக் கூடாது என்று எந்த அரசிடமும் எதிர்பார்க்க முடியாது. கொலைச் சதியில் பங்கெடுத்த சிலர் அகதி என்ற போர்வையில் கடல் தாண்டி வந்தவர்கள் என்பதும் உண்மை.

ஆனால் அந்த வாரம் என் முகாமில் இருந்தவர்கள் யார்? மன்னார் மீனவர்கள், வவுனியாவில் கூலிக்கு வயல் வேலை பார்த்தவர்கள், திருகோணமலையில் கடை வைத்திருந்தவர்கள். சில குடும்பங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வடக்கே போய், அங்கேயும் இருக்க முடியாமல் இங்கே வந்தவர்கள். அவர்களுடைய தாத்தா, பாட்டி நம் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். இயக்கத்துக்கு ஆள் பிடிப்பதிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றவே படகேறினோம் என்று என்னிடம் சொன்ன தாய்மார்கள் உண்டு. புலிகளிடமிருந்து தப்பி வந்தவர்களும் புலி என்றே எழுதப்பட்டார்கள். என்னை இன்றும் தூங்கவிடாமல் செய்வது இதுதான்.

மே 22 காலையில் நான் முகாமுக்குப் போனபோது ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. குழந்தைகளின் வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள். யாரும் அதுவரை ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் என்ன வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதே மாதிரி ஒரு மறுநாளை அவர்கள் இலங்கையில் பார்த்தவர்கள். அடுத்த சில வாரங்களில் ஊரும் மாறியது. 1990ல் பழைய புடவையும் அரிசியும் கொண்டுவந்து கொடுத்த அதே தெருக்காரர்கள் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். முந்திரித் தோப்பு வேலைக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடவில்லை. டீக்கடையில் "சிலோன்காரனா?" என்ற கேள்விக்கு வேறொரு தொனி வந்துவிட்டது. அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி நாம் கை கழுவ முடியாது.

அரசாங்கம் என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருந்தவர்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. முகாமில் ரோல்கால், அதாவது ஆள் கணக்கெடுப்பு, இறுகியது. ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும், அட்டையைக் காட்ட வேண்டும். காலை ஆறு மணிக்குப் பிறகு வெளியே போய் மாலை ஆறுக்குள் திரும்ப வேண்டும். முக்கியப் பிரமுகர் யாராவது மாவட்டத்துக்குள் வந்தால் அன்றைக்கு வாசல் அடைப்பு, கூலி போச்சு. வெளியூர்ச் சாவுக்குப் போகவும் எழுதிக் கேட்க வேண்டும். போராளி இயக்கங்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீஸார் எந்நேரமும் வந்து யாரையும் கூப்பிட்டுப் பேசலாம். கூப்பிடப்பட்டவர் பெரும்பாலும் சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார், ஆனால் அதுவரை அந்தக் குடும்பம் இருக்கும் இருப்பை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியார் சொல்லும் ஆறு மணி இந்த ஆறு மணிதான்.

இதற்கெல்லாம் அன்றைக்கு அடிப்படை 1946ம் வருடத்து வெளிநாட்டினர் சட்டம். வெள்ளைக்காரன் போகும் தறுவாயில் எழுதிவைத்துவிட்டுப் போனது. அதன் 3வது பிரிவின்படி ஒரு வெளிநாட்டவர் எங்கே தங்க வேண்டும், எங்கே போகக் கூடாது என்று அரசு உத்தரவு போடலாம், அடைத்தும் வைக்கலாம். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற அவசியமே இல்லை. 9வது பிரிவு இன்னும் கடுமை: நான் வெளிநாட்டவன் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அந்த ஆளின் தலையில்தான். அகதி என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. 1951ம் வருடத்து ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டதும் இல்லை. உயிருக்கு ஓடிவந்த கிழவியும் விசா முடிந்த சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் வருவது அன்றாட நடைமுறையில்தான். நாங்கள் செய்தவற்றில் பாதிக்கு மேல் வாய்மொழி உத்தரவு. "பார்த்து நடந்துக்கோ" என்பார்கள், காகிதத்தில் எதுவும் இருக்காது. அதனால் எது சென்னையிலிருந்து வந்த கொள்கை, எது உள்ளூர் அதிகாரியின் தனிக் கடுமை என்று இன்றைக்குப் பிரித்துக் காட்ட ஆவணம் இல்லை. கடுமையைத் தாங்கியவருக்கு அந்த வித்தியாசத்தால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1992 ஜூன் மாதம், பண்ருட்டியில் பலாப்பழ சீசன். என் முகாமில் ஒருவர் மண்டியில் மூட்டை, பழம் ஏற்றி இறக்கும் கூலிக்குப் போவார். மனைவி, மூன்று பிள்ளைகள். ஒரு நாள் லாரி வரத் தாமதம், கடைசி பஸ்ஸும் தவறிவிட்டது. இரவு முழுக்க நடந்து விடிகாலையில் வந்து சேர்ந்தார். அதற்குள் மாலைக் கணக்கெடுப்பில் ஆளைக் காணோம் என்று மேலே தகவல் போய்விட்டது. அவர் பெயரை அடிக்கச் சொன்னார்கள். சிவப்பு மையில் கோடு போட்டது நான். கோடு விழுந்தால் பணக்கொடை என்ற அரசு உதவிப் பணம் கிடையாது, அரிசி கிடையாது, அட்டை செல்லாது, அட்டை செல்லாதவன் வெளியில் பிடிபட்டால் அனுமதியில்லாமல் நாட்டில் இருப்பவன். அவர் மண்டிக்காரரிடம் சீட்டு வாங்கிவந்து காட்டினார். "லாரி பிந்திப் போச்சு சேர், வேறொண்டும் இல்லை" என்று நாலு மாதம் நாலு மேசைக்கு அலைந்தார். பெயர் திரும்ப ஏறியது. அந்த நாலு மாதமும் அவர் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பங்கு அரிசியில் சாப்பிட்டன. அவர் மேல் எந்தச் சந்தேகமும் எங்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. பஸ் தவறியது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே செய்தோம்.

1992 தொடக்கத்தில் திருப்பி அனுப்பும் வேலை வந்தது. ஜனவரி 20ல் ஆரம்பித்து 1995 மார்ச் வரை 54,188 பேர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது அரசுக் கணக்கு. எல்லோரும் தாங்களாக விரும்பிப் போவதாகக் கையெழுத்திட்ட படிவம் இருக்கிறது. என் முகாமில் முதலில் வந்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கிவைத்துக்கொண்டு, "இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். நான் வாசித்துச் சொன்னேன். கேட்காதவர்களுக்கு நானாக வாசித்துச் சொல்லவில்லை. வரிசை நீளமாக இருந்தது, அன்றைக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பணக்கொடை நிற்கும் என்று முகாமில் பேச்சு. அது பொய் என்று மறுத்துச் சொல்ல மேலிடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே போர் நின்றிருக்கவும் இல்லை. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாஸும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், படிவத்தின் மொழியும் அங்கே கேள்விக்கு வந்தது. அந்த வருட நடுவில் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, போகிறவர்களிடம் விருப்பத்தைக் கேட்டு உறுதி செய்யத் தொடங்கியது. அதன் பிறகு நிலைமை ஓரளவு சீரானது. ஆனாலும் முகாமுக்குள் தாராளமாக வந்து பேச அவர்களை விடவில்லை. அந்த 54,188 பேரில் எத்தனை பேர் மனசாரப் போனார்கள்? ஊர் நினைப்பில், நிலம் போய்விடுமே என்ற கவலையில் உண்மையாகவே விரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். போகமாட்டேன் என்று அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டவர்களையும் தெரியும். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

சிறப்பு முகாம்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலூர்க் கோட்டைத் திப்பு மஹால், செங்கல்பட்டு போன்ற இடங்களில் இயக்கத் தொடர்பு உள்ளவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை வைத்தார்கள். பெயர் முகாம், உள்ளே இருப்பது சிறை. வழக்கில் ஜாமீன் கிடைத்தவரும் அங்கே போனால் வெளியே வர வழியில்லை, ஏனென்றால் அது தண்டனை இல்லை, வெளிநாட்டவர் சட்டத்தின்படியான தங்குமிடம். 1995 ஆகஸ்டில் வேலூரில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அதைக் காட்டி, சந்தேகம் சரிதானே என்று உங்கள் அப்பா கேட்கலாம். அந்த 43 பேரைப் பொறுத்தவரை கேட்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு கெடுபிடி அதிகமானது என் முகாமின் கைக்குழந்தைக்காரிகளுக்கும் சேர்த்து. உள்ளே நடந்தவற்றை நான் பார்த்ததில்லை, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டதை உறுதியான சேதியாக இங்கே எழுத விரும்பவில்லை.

பிள்ளைகளின் படிப்பைச் சொல்லாமல் விட முடியாது. கல்லூரியில் அகதிப் பிள்ளைகளுக்கு இருந்த இடங்கள் 1991க்குப் பிறகு நிறுத்தப்பட்டன, 1996ல் ஆட்சி மாறிய பிறகுதான் திரும்ப வந்தன. பிளஸ் டூவில் 1,000க்கு மேல் மார்க் வாங்கிய பையன் அந்த ஐந்து வருடத்துக்குள் பெயிண்டர் ஆகிவிட்டான். கடலூரிலும் புதுச்சேரியிலும் சுவருக்கு வண்ணம் அடிக்க வருகிறவர்களில் இத்தனை பேர் ஏன் முகாம்காரர்கள் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? தொண்டு நிறுவனங்களையும் வெளியே நிறுத்தினார்கள். குண்டு வைப்பவனைப் பிடிக்க இது எப்படி உதவும் என்று அன்றும் எனக்குப் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

புதுச்சேரிக்காரரான உங்கள் அப்பாவுக்கு அவருடைய ஊர்க் கதையையே நினைவுபடுத்துங்கள். 1908ல் பாரதி அங்கே வந்தது தஞ்சம் தேடித்தான். 1911 ஜூனில் மணியாச்சியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டதும் புதுவையில் இருந்த சுதேசிகள் எல்லோர் மேலும் ஒற்றர்கள் மொய்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் ஊரில் மதிப்புள்ள ஐவரின் கையெழுத்தோடு நற்சான்று காட்ட வேண்டும் என்று பிரெஞ்சு அரசு சட்டம் கொண்டுவந்தது. கலவை சங்கர செட்டியார் மெனக்கெட்டு அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்ததால்தான் பாரதியும் அரவிந்தரும் மற்றவர்களும் அங்கே தொடர்ந்து இருக்க முடிந்தது. 1918 நவம்பர் 20ல் பாரதி எல்லை தாண்டியதும் நம் கடலூரில்தான் கைது செய்யப்பட்டு, மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். என் முகாம்காரர்களுக்கு ஐந்து கையெழுத்து வாங்கித் தர முன்வந்த ஒரு செட்டியார் இல்லை. நானும் முன்வரவில்லை. 1962ல் சீனாவோடு போர் வந்தபோது கல்கத்தாவிலும் அசாமிலும் தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறக்குறைய 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லிக்கு ரயிலேற்றிக் கொண்டுபோய் அடைத்ததும் இதே தர்க்கம்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கே நேரான பதில். விசாரணை பாதுகாப்பு. குற்றத்தில் தொடர்புடையவர்களைத் தேடிப் பிடித்தது பாதுகாப்பு. ராஜீவ் கொலை வழக்கிலேயே பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 1998ல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது, மறு வருடம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. அந்த அளவுக்கு அலசிப் பார்க்க ஒரு கோர்ட் அவர்களுக்குக் கிடைத்தது. பலாப்பழம் ஏற்றப் போனவருக்கு எந்தக் கோர்ட் கிடைத்தது? செய்த காரியத்துக்காக இல்லாமல் பிறந்த இடத்துக்காக ஒருவரின் அரிசி, படிப்பு, நடமாட்டம் மூன்றிலும் கை வைத்தால் அதற்கு நான் துன்புறுத்தல் என்றுதான் பெயர் சொல்வேன். அதே அரசு அவர்களுக்குக் கொட்டகை கொடுத்தது, ரேஷன் கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்தது, துப்பாக்கி முனையில் கப்பலேற்றவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். உங்கள் மாமியாருக்குச் சோறும் பயமும் ஒரே மேசையிலிருந்துதான் வந்தன.

இன்றைய நிலைமை மேல். 2021ல் முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், 317 கோடி ரூபாயில் வீடு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தார்கள். அப்போதைய கணக்கில் முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே பதிவு செய்து இருந்தவர்கள் 34,087 பேர். 1946 சட்டம் போய், 2025 செப்டம்பரிலிருந்து புதிய சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். விலக்குத்தான், குடியுரிமை இல்லை. 2019ம் வருடத்துக் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை கிடையாது. உங்கள் கணவர் 1993ல் முகாமில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு விதி இன்னும் இறுக்கம், ஆகவே உங்கள் மகனின் பாஸ்போர்ட் விஷயத்துக்குப் போகும் முன் குடியுரிமை வழக்கு நடத்திய உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். என்னை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள். உங்கள் மாமனார், மாமியார் இருவரில் ஒருவரின் முன்னோர் மலையகத் தோட்டத்துக்குப் போன இந்திய வம்சாவளி என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், வாதம் வேறு மாதிரி அமையும்.

மாமியாரிடம் பழைய அட்டை, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இறங்கியபோது கொடுத்த சீட்டு, பணக்கொடைப் புத்தகம் எது இருந்தாலும் கிழிந்ததாக இருந்தாலும் தூக்கிப் போட விடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். 1992ல் அந்தப் படிவம் அவர் கைக்கும் வந்திருக்கும். அவர் போகவில்லை என்றால், வரிசையில் நின்று மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். என் மேசைக்கு முன்னால் அதைச் சொல்லத் துணிந்தவர்கள் ரொம்பக் குறைவு. எப்படிச் சொன்னார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.